கார்டு மட்டும் பள்ளிக்குப் போன நாள்

குன்னூரில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கி, ஊதுபத்தி ஏற்றி, முந்தின நாள் வந்த பெட்டிகளைப் பிரித்து மாத்திரைகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது போன் ஒருமுறை சத்தம் போடும். ‘உங்கள் மகள் பள்ளிக்கு வந்து சேர்ந்துவிட்டார்.’ அதைப் படித்த பிறகுதான் டீக்கடைக்காரர் வைத்துவிட்டுப் போன டீயைத் தொடுவேன். அதற்குள் அது பாதி ஆறியிருக்கும். இந்த மலையில் எந்த டீயும் சூடாக இருப்பதில்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் வீடு கோத்தகிரி போகிற சாலையில், ஒரு எஸ்டேட்டுக்கு மேலே இருக்கிறது. நான் கடைக்கு ஒரு திசையில் பஸ் ஏறுவேன், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் எதிர்த் திசையில் மினி பஸ் ஏறுவாள். கணவர் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அங்கே போனை வாசலிலேயே ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆக, பகல் முழுக்க மூன்று பேரும் மூன்று மூலையில். நடுவில் மூடுபனி, காட்டெருமை, எப்போது வேண்டுமானாலும் சாலையில் விழுகிற மரம். அந்தச் செய்தி வராத காலத்தில் நான் எப்படி நிம்மதியாக மருந்து எடுத்துக் கொடுத்தேன் என்று யோசித்திருக்கிறேன்.

கழுத்தில் மாட்டும் அந்தப் பள்ளி அடையாளக் கார்டு வந்தது போன ஜூனில். பள்ளி வாசலில் இருக்கும் மெஷினில் அதை வைத்ததும்தான் அந்தச் செய்தி வரும். பெற்றோர் கூட்டத்தில் கார்டு கம்பெனியிலிருந்து டை கட்டிய ஒரு தம்பி வந்து விளக்கினார். “இதுக்குள்ள பேட்டரி எதுவும் இல்லீங்க. ஒரு சின்ன சிப்பு, அதைச் சுத்தி முடி கனத்துல செம்புக் கம்பி. அவ்வளவுதான். மெஷின் பக்கத்துல கொண்டு போனா மெஷினோட அலையில இருந்தே தெம்பு எடுத்துக்கிட்டு முழிச்சுக்கும். தள்ளி எடுத்தா தூங்கிரும்.” பிறகு முன்வரிசையில் இருந்த ஒரு அப்பாவின் போனை வாங்கி அதன் முதுகில் ஒரு மாதிரிக் கார்டை வைத்தார். திரையில் ஒரு பெயரும் முகவரியும் வந்தன. “குழந்தை எங்கயாவது வழி தவறிப் போயிட்டா, பாக்கறவங்க யாரா இருந்தாலும் போனை வச்சாப் போதும். உங்க நம்பரு வந்துரும், கூப்பிட்டுச் சொல்லிருவாங்க.” எல்லோரும் கைதட்டினோம். நானும்தான். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் மகன் ஒருமுறை மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் காணாமல் போய்க் கிடைத்தவன்.

அது ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள். விடிந்ததிலிருந்தே பனி இறங்கியிருந்தது. கடைக்கு வந்தேன், போன் சத்தம் போட்டது, செய்தியைப் பார்த்தேன், டீயைக் குடித்தேன். சர்க்கரை மாத்திரை வாங்க வந்த ஒரு பெரியவருக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தபோது வகுப்பு ஆசிரியை கூப்பிட்டார்.

“ஏனுங்க, பாப்பா இன்னைக்கு லீவுங்களா?”

“இல்லீங்க மிஸ். வந்துட்டான்னு மெசேஜ் வந்துச்சுங்களே.”

“மெசேஜ் வந்துச்சுங்களா? இங்க கம்ப்யூட்டர்லயும் வந்துட்டான்னுதான் காட்டுது. ஆனா வகுப்புல இல்லைங்க. பாத்ரூம், லைப்ரரி எல்லாம் பாத்துட்டோம். பள்ளிக்கூடத்துக்குள்ளயே இல்லைங்க.”

முதலில் எனக்குப் புரியவில்லை. வந்த பிள்ளை எப்படி இல்லாமல் போகும்? வந்துவிட்டு வெளியே போனாளா? யாராவது கூப்பிட்டுப் போனார்களா? கையில் இருந்த சில்லறை கண்ணாடி மேஜை மேல் கொட்டியது. கடை முதலாளி என் முகத்தைப் பார்த்தார். வாசலில் நின்ற தெரிந்த ஜீப்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டார். “நீ கெளம்பும்மா. கடையைப் பத்தி நெனைக்காத.”

ஜீப்பில் உட்கார்ந்து கணவரின் எண்ணை அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. அந்த போன் ஒரு இரும்புப் பெட்டிக்குள் கிடக்கிறது என்று தெரிந்தும் அடித்தேன். பிறகு தொழிற்சாலை வாசல் எண்ணைத் தேடி எடுத்து, காவலாளியிடம் சொல்லி அனுப்பச் சொன்னேன். என்னவென்று சொல்வது? “பாப்பாவைக் காணோம்னு சொல்லுங்க” என்றேன். கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை. ஜீப்காரர் ஒவ்வொரு வளைவிலும் ஹாரனை அழுத்திக்கொண்டே, எதிரே வருகிற விளக்கைத் தேடி ஊர்ந்தார். இன்னும் வேகமாகப் போங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பள்ளியில் தலைமை ஆசிரியை அறையில், வகுப்பு ஆசிரியைக்குப் பக்கத்தில் என் மகளின் தோழி நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேரும் மழலையர் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படிப்பவர்கள். எங்கள் வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டவள் அவள். என்னைப் பார்த்ததும் அவள் பாவாடைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து மேஜையில் வைத்தாள். என் மகளின் படம் போட்ட கார்டு.

“அவதான் ஆன்ட்டி குடுத்தா. ரெண்டு கார்டையும் நானே வச்சுக்குவேன். காலைல மெஷின்ல என்னோடத வச்சுட்டு அவளோடதையும் வப்பேன். ஒரு வாரமா இப்படித்தான்.”

“எதுக்கு கண்ணு?”

“அவ பஸ்ஸுல வர்றதில்ல ஆன்ட்டி. எஸ்டேட் வழியா நடந்து வர்றா. பெல் அடிக்கறதுக்குள்ள வந்துருவா. இன்னைக்குத்தான் வரல.” பிறகு அவள் அழத் தொடங்கினாள். “அந்தக் கார்டு கூட இருந்தா அந்த ஆளுக்குத் தெரிஞ்சிரும்னு சொன்னா.”

எந்த ஆள் என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் கேட்டோம். பஸ்ஸில் வருகிற ஒரு ஆள், அவனுக்கு இவள் பெயர் தெரியும், வீடு தெரியும் என்பதற்கு மேல் அந்தப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியவில்லை.

காதுக்குள் ‘ஙொய்’ என்று ஒரு சத்தம். தலைமை ஆசிரியை பேசுவது வாய் அசைவாக மட்டும் தெரிந்தது. நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது என் மகள் பனிக்குள் தனியாக நடந்துகொண்டிருந்தாள். அவள் பத்திரமாக இருக்கிறாள் என்று சொன்ன செய்தி என் போனில் இன்னும் இருந்தது.

தலைமை ஆசிரியை போலீசுக்குப் பேசினார். நான் நிற்கவில்லை. அதே ஜீப்பில் எஸ்டேட் பாதை தொடங்கும் இடத்துக்குப் போனேன். உடற்பயிற்சி ஆசிரியர் கூட வந்தார். பாதை முனையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் சிலர் தலையில் பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு, வேலைக்கு இறங்காமல் கூட்டமாக நின்றார்கள். அவர்களுக்கு மேற்பார்வை பார்க்கும் சூப்பர்வைசரும் அங்கேதான் இருந்தார்.

“அந்தக் காட்டுக்குள்ள இப்பப் போக முடியாதும்மா” என்றார் ஒரு அம்மா. அவர்கள் தேயிலைத் தோட்டத்தைக் காடு என்றுதான் சொல்வார்கள். “காலைல இருந்து காட்டெருமை நிக்குது. குட்டியோட நிக்குது. அதான் எங்களையே எறக்கல.”

“என்ற புள்ள அதுக்குள்ளதான் வந்துருக்கறா.”

அந்த அம்மா என் கையைப் பிடித்தார். ஈரமான, தேயிலைக் கறை ஏறிய விரல்கள். அப்படியே திரும்பிச் சூப்பர்வைசரைப் பார்த்தார். அவர் ஒரு தகர டப்பாவையும் குச்சியையும் எடுத்துக்கொண்டார். “சத்தம் போட்டுக்கிட்டே போவோம். ஒருத்தரும் தனியாப் போகாதீங்க.”

நடந்தோம். பனியில் நான்கு செடிக்கு அப்பால் எதுவும் இல்லை. ஒவ்வொரு சில்வர் ஓக் மரமும் ஒரு ஆளைப் போல நின்று, கிட்டப் போனதும் மரமாக மாறியது. எனக்கு எதைக் கண்டு பயப்படுவது என்றே தெரியவில்லை. கறுப்பாக எது தெரிந்தாலும் மாடு என்று நெஞ்சு நின்றது, வெளுப்பாக எது தெரிந்தாலும் அந்த ஆள் என்று நின்றது. அவன் எப்படி இருப்பான் என்றுகூடத் தெரியாது. உடற்பயிற்சி ஆசிரியரும் சூப்பர்வைசரும் உரக்க என் மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார்கள். தகர டப்பா சத்தமும் அவள் பெயரும் பனிக்குள் போய் அப்படியே அமுங்கின.

பாதை திரும்பும் இடத்தில் மண்ணில் குளம்படிகள். செடி வரிசை ஒன்று மிதிபட்டிருந்தது. அதற்கு நடுவே ஒரு குடை விரிந்தபடி கிடந்தது. அவளுடையதுதான். நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“ஏம்மா, எந்திரி” என்று கொழுந்து பறிக்கும் அம்மா என்னைத் தூக்கினார். “ரத்தம் எதுவும் இல்ல பாரு. குடையைப் போட்டுட்டு ஓடியிருக்கறா. இங்கிருந்து ஓடினா எங்க ஓடுவா? கொட்டாய்க்குத்தான் ஓடுவா.”

அவர் சொன்னது கொழுந்து நிறுக்கிற தகரக் கொட்டகை. கொஞ்சம் கீழே இருந்தது. கதவு சாத்தியிருந்தது. சூப்பர்வைசர் கதவைத் தள்ளினார், உள்ளே எதையோ முட்டுக் கொடுத்திருந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். உள்ளே ஒரு அசைவும் இல்லை. “பாப்பா, உள்ள இருக்கறயா? பயப்படாத, வெளிய வா” என்று உடற்பயிற்சி ஆசிரியர் மறுபடி பெயரைச் சொன்னார்.

நான் கதவில் வாயை வைத்து, வீட்டில் நாங்கள் மட்டும் கூப்பிடுகிற பெயரைச் சொன்னேன். அது அவள் பேசப் பழகியபோது தன்னையே தப்பாகச் சொல்லிக்கொண்ட பெயர். எந்தக் கார்டிலும், எந்தச் சான்றிதழிலும் இல்லாதது.

உள்ளே மூங்கில் கூடைகள் சரிகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. முகம் வெளிறி, முழங்காலில் சிராய்ப்போடு நின்றாள்.

“அவந்தான் பேரு சொல்லிக் கூப்புடறான்னு நெனச்சேம்மா” என்றாள். “சத்தம் நெறையக் கேட்டுச்சு. ஆளுங்களைக் கூட்டிட்டு வந்துட்டான்னு நெனச்சேன்.”

நாங்கள் அவளைத் தேடிக் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் அவள் கூடைகளுக்குப் பின்னால் இன்னும் ஒடுங்கியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து வெந்நீர் வைத்து, முழங்காலைத் துடைத்து, போர்வையைச் சுற்றி அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்தேன். கணவரும் யாரோ ஒருவர் வண்டியில் வந்து சேர்ந்தார். அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

பஸ்ஸில் நெரிசலில் பக்கத்தில் நிற்பானாம். முப்பது வயதுக்குள் இருக்கும், சுத்தமாக உடுத்தியிருப்பான். ஒரு நாள் திடீரென்று அவள் பெயரைச் சொல்லி, “நல்லா இருக்கறயா?” என்று கேட்டானாம். அப்பாவுக்குத் தெரிந்தவர் போல என்று தலையாட்டியிருக்கிறாள். அடுத்த முறை, “ஒன்பதாவது, பி செக்ஷன்தான?” என்றானாம். அதற்கடுத்த முறை குனிந்து காதுக்குப் பக்கத்தில், “உன்னோட ரத்தம் ஓ பாசிட்டிவ். எனக்கும் அதேதான்” என்றானாம்.

கணவர் எழுந்து நின்றார். நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அவள் பேச்சு நின்றுவிடக் கூடாது.

“யாருகிட்ட இருந்து தெரிஞ்சுக்கறான்னே தெரியலம்மா. அப்பறம் ஒரு நாளு பாத்தேன். கூட்டத்துல என்மேல சாயற மாதிரி வந்து, அவன் போனை என் கார்டுகிட்ட வச்சான். டிக்குனு ஒரு சத்தம். போன்ல என் பேரு வந்துச்சு. அப்பத்தான் புரிஞ்சுச்சு.” கொஞ்சம் நிறுத்தினாள். “அப்பறம்… நம்ம ஊட்டு முன்னால நீலக் கலர் தண்ணித் தொட்டி இருக்குதில்லன்னு கேட்டான்.”

தண்ணீர்த் தொட்டி கார்டில் இல்லை. அவன் வந்து பார்த்திருக்கிறான்.

நான் என்னையறியாமல் ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “அப்பா அவனை அடிக்கப் போவாரு. அப்பறம் அப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிரும்” என்றாள். கார்டு தன்னிடம் இருக்கிறவரை எங்கே போனாலும் அவனுக்குத் தெரியும் என்று அவள் நம்பியிருந்தாள். அதனால்தான் தோழியிடம் கொடுத்துவிட்டாள். கிட்டே வந்தால்தான் அது பேசும், தூரத்திலிருந்து பார்க்க முடியாது என்று கணவர் சொன்னார். “எனக்கு எப்படித் தெரியும்?” என்றாள். சரிதான். சொன்ன எங்களுக்கே அப்போது உறுதியாகத் தெரியாது.

தலைமை ஆசிரியை அறையிலிருந்து அந்தக் கார்டை நான் எடுத்து வந்திருந்தேன். மகள் என் போனைக் கேட்டு வாங்கி அதன் முதுகில் வைத்தாள். டிக். அவள் பெயர், வகுப்பு, ரத்த வகை, அப்பாவின் எண், வீட்டு முகவரி, எந்த நிறுத்தத்தில் ஏறுகிறாள் என்பது எல்லாம் வரிசையாக வந்தன. கீழே, ‘சேமிக்கவா?’ என்று போன் கேட்டது. பூட்டு இல்லை, ரகசிய எண் இல்லை. யார் கேட்டாலும் சொல்லும்படிதான் அதைச் செய்திருந்தார்கள். கூட்டத்தில் அந்தத் தம்பி காட்டியதும் இதையேதான். எங்கள் கண் முன்னால்தான் காட்டினார். அன்று அதைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது.

கணவர் தன் போனை எடுத்து அழைப்புகளைத் தள்ளிப் பார்த்தார். தெரியாத ஓர் எண்ணிலிருந்து, எடுத்தால் பேசாமல் வைத்துவிடுகிற அழைப்புகள். ஏதோ லோன் கம்பெனி என்று நினைத்திருந்தாராம்.

மகளிர் காவல் நிலையத்தில் இருந்த சப்-இன்ஸ்பெக்டர் அம்மா பொறுமையாகக் கேட்டார். அந்த எண்ணையும் மினி பஸ் கண்டக்டர் சொன்ன அடையாளத்தையும் வைத்து அவனைப் பிடிக்க அதிக நாள் ஆகவில்லை. செல்போன்களுக்குக் கண்ணாடி மாற்றித் தருகிற வேலை செய்பவன். அவன் போனில் எங்கள் மகள் மட்டும் இல்லை. அதே பள்ளியின் இன்னும் பல பெண் பிள்ளைகள், சேமித்த எண்களாக, அகர வரிசையில் இருந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் அம்மா அதை எங்களுக்குக் காட்டவில்லை, சொன்னார். சொல்லும்போது மேஜை மேல் இருந்த பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். “எனக்கும் அந்த வயசுல ஒரு புள்ள இருக்குதுங்க” என்றார்.

வழக்குப் பதிந்தார்கள். பள்ளி எல்லாக் கார்டுகளையும் திரும்ப வாங்கியது. கார்டு கம்பெனியின் ஆள் போனில், “அவசரத்துக்கு உதவும்னுதான் மேடம் போட்டோம், பேரன்ட்ஸ் எல்லாரும் ஒத்துக்கிட்டதுதான்” என்று தலைமை ஆசிரியையிடம் சொன்னாராம். அதில் பொய் ஒன்றும் இல்லை. புதிய கார்டில் ஒரு எண் மட்டும்தான் இருக்கும், அது யாருடையது என்பது பள்ளிக் கணினிக்கு மட்டும்தான் தெரியும் என்றார்கள். என் மகள் அதை நம்பவில்லை. தலைமை ஆசிரியை மேஜை முன்னால் நின்று, என் போனை வாங்கி, புதிய கார்டை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். நீளமாகச் சில எண்களும் எழுத்துகளும் வந்தன. திருப்பி வைத்தாள். மறுபடி அதே எண்கள். பிறகுதான் கழுத்தில் மாட்டினாள்.

அந்தக் கம்பெனி கார்டைப் பற்றிச் சொன்னது சரிதான். பயத்தைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல எதுவும் இல்லை. கணவர் தன் போன் எண்ணை மாற்றினார். கேஸ் ஏஜென்சி, வங்கி, ரேஷன் கடை என்று ஒவ்வொரு இடமாக அலைந்து மாற்றினார். வீட்டை மாற்ற முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெயின்ட் வாங்கி வந்து தண்ணீர்த் தொட்டியைச் சாம்பல் நிறமாக்கினார். அதனால் என்ன ஆகப்போகிறது என்று நான் கேட்கவில்லை. பிரஷை வாங்கி, அவருக்கு எட்டாத பக்கத்தை நான் அடித்தேன்.

அவன் ஜாமீனில் வந்துவிட்டான். இப்போது மலையில் இல்லை, கீழே எங்கோ வேலை செய்கிறான் என்று கண்டக்டர் சொன்னார். கீழே என்றால் எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை. அந்த எண்களை அவன் வேறு யாருக்காவது அனுப்பினானா என்பதும் யாருக்கும் தெரியவில்லை. பஸ் நெரிசலில் யாராவது போனை மார்பளவில் பிடித்துக்கொண்டு நின்றால், நான் பார்வையை எடுப்பதே இல்லை. ஒருமுறை அப்படி நான் முறைத்த ஒரு பையன், பாவம், பாட்டு மாற்றிக்கொண்டிருந்தான்.

மகள் இப்போது பஸ்ஸில்தான் போகிறாள், தோழியோடு. நன்றாகச் சாப்பிடுகிறாள், சிரிக்கிறாள். ஆனால் தெருவில் யாராவது அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் உடனே திரும்புவதில்லை. முதலில் நடையை நிறுத்துகிறாள். குரல் யாருடையது என்று பிடிபட்ட பிறகுதான் திரும்புகிறாள். இருட்டத் தொடங்கியதும் உள்ளறையில் படித்துக்கொண்டே, “அம்மா, கதவு பூட்டிட்டியா?” என்று கேட்பாள்.

“பூட்டிட்டேன் கண்ணு” என்பேன். சொல்லிவிட்டு, அவளுக்குக் கேட்காமல் எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பேன்.